தாத்தாவின் ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

அமெரிக்காவில் வீட்டுப் பெரியவர் ஒருவர் போய்ச் சேர்ந்தபின் பீரோவைத் திறந்தால், பத்திரங்கள், கைக்கடிகாரம் இவற்றோடு ஒரு பழைய ரிவால்வரும் இருப்பது அங்கே அதிசயமில்லை. பேரனோ பேத்தியோ அதைத் துடைத்துப் பார்க்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, விசையை இழுத்தால் சிலிண்டர் கச்சிதமாகச் சுழல்கிறது. புதுத் துப்பாக்கி வாங்க வசதியில்லை, அல்லது மனமில்லை. இதையே வீட்டுக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது. கடைக்குப் போய்த் தோட்டா கேட்டால், குழலில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கடைக்காரர் தலையைச் சொறிகிறார். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு படியாகப் போவோம்.

குறிப்பாக ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டால்தான் பேச்சு பிடிபடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1896இல் ஒரு சிறிய ரிவால்வரை வெளியிட்டது. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே சாயும்படி அந்தக் கம்பெனி செய்த முதல் ரிவால்வர் அது. அதற்காகவே ஒரு புதுத் தோட்டாவும் வந்தது: பாயிண்ட் 32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். அதே ஆண்டில்தான், தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க் போலீஸ் ஆணையர் குழுவுக்குத் தலைவராக இருந்தபோது, போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரியாகக் கோல்ட் கம்பெனியின் பாயிண்ட் 32 ரிவால்வர் என்று தீர்மானமானது. அந்தக் காலத்தில் 32 என்பது சட்டைப்பைக்குப் பொருந்திய, மரியாதையான அளவு. பிறகு பாயிண்ட் 38 ஸ்பெஷல் வந்து போலீசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 32 மெல்ல மெல்லக் கடை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு இறங்கி, இன்று பல கடைகளில் அதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அங்கே அரிதாகிப்போன இந்த அளவுதான் இங்கே உரிமம் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய அளவு. கான்பூர் அரசுத் தொழிற்சாலை செய்யும் ரிவால்வர் இதே தோட்டாவைத்தான் சுடுகிறது. ஆனால் நம் நாட்டில் உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. ரகம் பார்த்துப் பொறுக்க இடமும் குறைவு. எந்தத் தோட்டா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வது பெரும்பாலும் அமெரிக்கர்களின் கவலை. ஆகவே அங்கேயே இருப்போம்.

முதலில் தோட்டா என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பேச்சுவழக்கில் தோட்டா, குண்டு, ரவை எல்லாவற்றையும் கலந்து சொல்லிவிடுகிறோம். இங்கே பிரித்து வைத்துக்கொள்வோம். பித்தளையால் ஆன உறை ஒன்று. அதன் அடியில், குதிரை வந்து தட்டும் இடத்தில், சின்னக் கேப். உறைக்குள்ளே மருந்து. உறையின் வாயில் இறுக்கிப் பொருத்திய ஈயக் குண்டு. இந்த நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. குதிரை கேப்பைத் தட்ட, கேப் மருந்தைப் பற்றவைக்க, மருந்து வாயுவாகி விரிந்து குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. உறை துப்பாக்கியிலேயே தங்கிவிடுகிறது. வாயு விரியும் அந்த நொடியில் அதன் அழுத்தம் முழுவதையும் தாங்குவது சிலிண்டரின் சுவர்தான். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு வருவது எல்லாம் எளிது.

அடுத்தது குழலில் உள்ள எழுத்து. நம் ரிவால்வர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுடையது என்றால் அதில் ‘32 லாங்’ என்று இருக்கும். கோல்ட் கம்பெனியுடையது என்றால் ‘32 போலீஸ்’ அல்லது ‘32 நியூ போலீஸ்’ என்று இருக்கலாம். இரண்டும் ஒரே தோட்டா. போட்டிக் கம்பெனியின் பெயரைத் தன் குழலில் பொறிக்கக் கோல்ட்டுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். குண்டின் முனையை மட்டும் கொஞ்சம் தட்டையாக்கித் தன் பெயரை வைத்துக்கொண்டார்கள். அந்தத் தட்டை முனையைப் பற்றிப் பிறகு பேசவேண்டி வரும்.

தலைகீழான சிக்கலும் உண்டு. 32 என்ற எண் இருந்தாலும் வேறாக இருக்கும் தோட்டாக்கள் நிறைய. பாயிண்ட் 32 லாங் கோல்ட் என்று ஒன்று, உறையே மெலிந்தது. நம் சிலிண்டரில் தொளதொளவென்று ஆடும். 32-20 என்று ஒன்று, முதலில் ரைஃபிளுக்காகப் பிறந்தது. நம் சிலிண்டரில் அதற்கு இடமே இல்லை. 1878இல் வந்த பாயிண்ட் 32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ‘லாங்’ இல்லாத குட்டை அண்ணன், நம் சிலிண்டரில் ஒழுங்காகப் போகும், பத்திரமாகச் சுடும். ஆனால் குட்டைக்காகச் செய்த துப்பாக்கியில் நீளமானதைப் போடக்கூடாது. பிற்பாடு இதே உறையை நீட்டி 1984இல் பாயிண்ட் 32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம் வந்தது. அதையும் நீட்டி 327 ஃபெடரல் மேக்னம் வந்தது. அந்தப் புதுத் துப்பாக்கிகள் நம் தோட்டாவை ஏற்கும். அவற்றின் தோட்டாவை நம் துப்பாக்கி ஏற்காது. ஒருவழிப் பாதை.

பிஸ்டலுக்கான 32 ஏசிபி தோட்டாதான் ஆளை ஏமாற்றுவது. அது கடையில் சுலபமாகக் கிடைக்கும். நம் சிலிண்டரிலும் போய் உட்கார்ந்துவிடும். விசையை இழுத்தால் பெரும்பாலும் சுடவும் செய்யும். ‘நான் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்ல ஆளும் கிடைப்பார். ஆனால் அதன் அழுத்தம் நம் தோட்டாவுடையதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். நூறு வயது எஃகின் மேல் அதைப் பரீட்சித்துப் பார்ப்பது அவசியமில்லாத வேலை. உள்ளே நுழைகிறது என்பதும் பொருந்துகிறது என்பதும் வேறு வேறு.

அழுத்தம் என்றதும் எண்களைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் தோட்டாக்களுக்கு அளவு வகுப்பது 1926இல் தொடங்கிய ஓர் உற்பத்தியாளர் சங்கம். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்துச் ‘சாமி’ என்பார்கள். சாமி கணக்கில் நம் தோட்டாவின் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்ட். 32 ஏசிபிக்கு 20,500. அதே விட்டக் குண்டைச் சுடும் 327 ஃபெடரல் மேக்னத்துக்கு 45,000. மூன்று மடங்கு! சில சிறு கம்பெனிகள் நம் அளவிலேயே மருந்தைக் கூட்டி, பெட்டியில் ‘பிளஸ் பி’ என்று அச்சிட்டு விற்கின்றன. 38 ஸ்பெஷல், 9 மில்லிமீட்டர் போன்ற சிலவற்றுக்குத்தான் பிளஸ் பி என்றால் எவ்வளவு என்று சாமி வரையறுத்திருக்கிறது. 32 லாங்குக்கு அப்படி வரையறை கிடையாது. ஆகவே அந்தப் பெட்டியில் இருப்பது அந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்கு. எந்தத் துப்பாக்கிக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று அவர்கள் எழுதியிருப்பதை வரி விடாமல் படிக்கவேண்டும். பழையது என்றால், என் அபிப்பிராயத்தில், படித்துவிட்டு அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. இங்கே பூசாரி நம் ரிவால்வர். பெட்டி சரியானதாக இருந்தாலும் துப்பாக்கி சம்மதிக்கிறதா என்று விவரம் தெரிந்த பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. சிலிண்டரின் ஓர் அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும்போது அசைகிறதா, முன்னும் பின்னும் ஆடுகிறதா, குழலில் எங்காவது வீங்கியிருக்கிறதா, குதிரையின் வில் தளர்ந்துவிட்டதா என்று அவர் பார்ப்பார். நடுவில் மடங்கித் திறக்கும் பழைய ரகமாக இருந்தால் கீலையும் கொக்கியையும் பார்ப்பார். அந்த ரகத்தில் பல, புகையும் கறுப்பு மருந்துக் காலத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு இன்றைய தோட்டாவே அதிகம் என்று அவர் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாக இருக்கும்.

துப்பாக்கி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அசல் கேள்வி: குண்டு என்ன செய்யவேண்டும்?

தற்காப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் கறாராகப் புரிந்துகொள்வோம். நம்மை நோக்கி வருகிறவன் உடனே நிற்கவேண்டும் என்பதுதான் நோக்கம். சாகவேண்டும் என்பதல்ல. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், இல்லை. 1901 செப்டம்பர் 6ஆம் தேதி பஃபலோ நகரத்துப் பொருட்காட்சியில் ஜனாதிபதி மெக்கின்லியை ஒருவன் இரண்டு முறை சுட்டான். அவன் கையில் இருந்தது 32 அளவிலான, நடுவில் மடங்கும் சின்ன ரிவால்வர். ஒரு குண்டு மேலோட்டமாகப் பட்டுத் துணிக்குள்ளேயே விழுந்துவிட்டது. இன்னொன்று வயிற்றுக்குள் போனது. மெக்கின்லி நினைவோடுதான் இருந்தார்; சுட்டவனை அடிக்காதீர்கள் என்றுகூடச் சொன்னதாகச் சொல்வார்கள். புண் அழுகி எட்டு நாள் கழித்து இறந்தார். உயிரை எடுத்தது, ஆனால் அந்த நிமிடத்தில் ஆளை நிறுத்தவில்லை. காவலுக்குத் தோட்டா தேடுகிறவருக்கு இதைவிட மோசமான கலவை கிடையாது.

உடனே நிற்பது எதனால் நடக்கிறது? குண்டின் வேகத்தில் மனிதன் தூக்கி எறியப்படுவது சினிமாவில் மட்டும். சுடுகிறவன் கையில் படும் உதையைவிடப் பெரிய தள்ளல் குண்டு படுகிறவனுக்குக் கிடைக்க வழியே இல்லை; நியூட்டன் விடமாட்டார். பலர் பயத்தாலோ வலியாலோ நின்றுவிடுகிறார்கள், ஓடிவிடுகிறார்கள். அது அவர்கள் மனத்தைப் பொறுத்தது, நம்ப முடியாது. மனத்தை மீறி உடல் நிற்கவேண்டுமானால் குண்டு உள்ளே இருக்கும் முக்கிய இடங்களை எட்டவேண்டும். அதற்கு இரண்டு வேண்டும்: சரியான இடத்தில் படுவது, போதுமான ஆழத்துக்குப் போவது.

இந்த ஆழம் பற்றிய பாடம் 1986 ஏப்ரல் 11ஆம் தேதி மயாமி நகரில் கிடைத்தது. இரண்டு கொள்ளையர்களோடு எஃப்பிஐ ஆட்கள் எட்டுப் பேர் நடுத்தெருவில் மோதினார்கள். ஆரம்பத்திலேயே ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் அதன்பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். எஃப்பிஐ ஆட்கள் இருவர் இறந்தார்கள். அதற்குப் பின் எஃப்பிஐ ஓர் அளவுகோல் வகுத்தது: தசைக்குப் பதிலாக ஜெலட்டின் பாளத்தில் சுட்டால் குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமல் போகவேண்டும், 18ஐத் தாண்டவேண்டாம். 12 அங்குலம் ஏன், மனிதன் அவ்வளவு தடிமனா என்று கேட்கலாம். நேராக நிற்கும் மனிதன் இல்லை. ஆனால் கையை நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நிற்பவனுடைய மார்பை எட்ட, முதலில் கையைத் தாண்டவேண்டுமே.

மயாமியில் நின்றுபோன அந்தக் குண்டு எப்படிப்பட்டது தெரியுமா? விரியும் குண்டு. செய்யச்சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது: விரிந்தது, அதனாலேயே நின்றது. இதோடு நாம் எல்லோருக்கும் இருக்கும் அந்த ஒரு தப்பெண்ணத்துக்கு வந்துசேர்கிறோம்.

தற்காப்புத் தோட்டா என்று கடையில் கேட்டால் எடுத்து வைப்பது முனையில் குழி உள்ள குண்டு. உடம்புக்குள் போனதும் முனை விரிந்து அகலமாகும், பெரிய காயம் செய்யும் என்பது ஏற்பாடு. விளம்பரப் படத்தில் இதழ் இதழாக மலர்ந்து இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, குழி இருந்தால் விரியும் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். நம் 32க்கும் குழிமுனைத் தோட்டா தேடிப் பிடித்தால் கிடைக்கிறது. சின்னக் குண்டு, விரிந்தால் பெரிதாகுமே, இதற்குத்தானே அது மிகவும் தேவை என்று தோன்றும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் விரிய வைப்பது குழி அல்ல. வேகம்.

இந்த யோசனையின் பழைய உதாரணம் ஒன்றைப் பார்த்தால் விளங்கும். கல்கத்தா பக்கத்தில் டம்டம் என்ற ஊரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆயுதத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1890களில் அங்கே முனையில் ஈயம் வெளியே தெரியும்படி செய்து, பட்டதும் விரியும் குண்டை உருவாக்கினார்கள். அந்தக் கொடுமையைப் பார்த்து 1899இல் ஹேக் மாநாட்டில் போருக்கு அது ஆகாது என்று அறிவித்தார்கள். போலீசையும் தனிமனிதர்களையும் அந்த அறிவிப்பு கட்டுப்படுத்தவில்லை. டம்டம் குண்டு பறந்தது ரைஃபிளிலிருந்து. வேகம் வினாடிக்கு 600 மீட்டர் வாக்கில். நம் 32 லாங்கின் 98 கிரெய்ன், அதாவது ஆறேகால் கிராம் சொச்சம் எடையுள்ள ஈயக் குண்டின் வேகம் வினாடிக்கு 215 மீட்டர்தான். அதுவும் நான்கு அங்குலக் குழலில். இரண்டு அங்குலக் குழலில் இன்னும் குறையும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் கொஞ்சம் வாயுவும் தப்பிப் போகும்.

கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு மேற்கொண்டு சொல்லவேண்டியதே இல்லை. கைகளைக் கூப்பித் தலைகீழாகப் பாய்ந்தால் தண்ணீர் வழிவிடும். சத்தமில்லாமல் அடிவரை போகலாம். வயிறு பட விழுந்தால் தண்ணீர் பளாரென்று அறையும், மேலேயே நின்றுவிடுவோம். ஆனால் அதே வயிறு பட விழுவதைக் கீழ்ப்படியிலிருந்து செய்தால் ஒன்றும் ஆகாது. மோட்டார் ரூம் கூரை மேலிருந்து செய்தால்தான் வயிறு சிவக்கும். தண்ணீர் அதே தண்ணீர்தான். எவ்வளவு வேகமாகப் போய் மோதுகிறோமோ அவ்வளவு கெட்டியாக எதிர்க்கிறது.

உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே. வேகமாக வரும் குழிமுனைக் குண்டின் குழிக்குள் அந்த ஈரத் தசை நெருக்கிக்கொண்டு ஏறி, விளிம்பை உள்ளிருந்து வெளியே தள்ளிக் கிழிக்கிறது. அதுதான் மலர்ச்சி. பெரும்பாலான குழிமுனைகள் வினாடிக்கு 250, 300 மீட்டர் வேகத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. நம் 32 கீழ்ப்படியிலிருந்து குதிக்கிற ஆள். குழிக்குள் தசை ஏறும், விளிம்பு அசையாது. போகிற வழியில் சட்டைத் துணியோ கம்பளிக் கோட்டோ இருந்தால் அந்தப் பஞ்சே குழியை அடைத்துவிடும். அடைபட்ட குழிமுனை, விலை கூடுதலான உருண்டைமுனைக் குண்டு, வேறொன்றுமில்லை.

சரி, மிருதுவான ஈயத்தில் செய்து இந்த வேகத்திலும் விரிய வைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது மயாமி கதை. விரிந்த குண்டு வயிறு பட விழுந்தவனைப்போல நின்றுவிடும். நம் 32க்கு மேற்கொண்டு தள்ளிக்கொண்டு போகக் கையிருப்பு சக்தி இல்லை. அதன் மொத்த ஆற்றல் 150 ஜூல் அளவு. சாதாரண 9 மில்லிமீட்டருக்கு 500 ஜூல். ஆழம், அகலம் இரண்டையும் வாங்க 9 மில்லிமீட்டரிடம் காசு இருக்கிறது. 32இடம் ஒன்றை வாங்கத்தான் இருக்கிறது. ஒன்றுதான் முடியும் என்றால் ஆழத்தை வாங்கு என்பதுதான் விவரமறிந்தவர்கள் பெரும்பாலோர் சொல்வது. எனக்கும் அது சரியாகப் படுகிறது.

அப்படியானால் கடையில் எளிதாகக் கிடைக்கும் உருண்டைமுனை ஈயக் குண்டே போதுமா? ஆழம் நிறையவே போகும். ஆனால் தலைகீழாகப் பாய்ந்தவனைப்போலச் சத்தமில்லாமல் போகும். தசை இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டு, அது போனபின் மூடிக்கொள்ளும். 32க்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது இந்த உருண்டை முனைதான்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. விரியவே விரியாத, ஆனால் முகம் தட்டையான குண்டு. முகம் பாதி தட்டையாக இருப்பது ஒன்று. கோல்ட் கம்பெனி அன்றே செய்தது அந்த ரகம். முழுக்கத் தட்டையாக, வெறும் உருளைத் துண்டாக இருப்பது இன்னொன்று. அதற்கு வாட்கட்டர் என்று பெயர். பார்த்தால் குண்டு என்றே தோன்றாது. உறையின் வாயோடு வாயாக உள்ளே அமுங்கி, காலித் தோட்டாபோல உட்கார்ந்திருக்கும். தட்டை முகம் தசையை விலக்காமல் வெட்டிக்கொண்டு போகிறது. காயம் குண்டின் முழு விட்டத்துக்கும் இருக்கும். விரிவதில்லை என்பதால் துணி அடைத்துக்கொள்ளும் பேச்சே இல்லை. 32 லாங்கின் எடைக்கும் வேகத்துக்கும் ஜெலட்டினில் பொதுவாக வேண்டிய ஆழத்தை எட்டிவிடுகிறது. வேகம் குறைந்தாலும் கூடினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வது அதன் பெரிய குணம். பழைய துப்பாக்கிக்கு இப்படிப்பட்ட சம்பந்திதான் வேண்டும்.

வாட்கட்டரைச் செய்தவர்கள் தற்காப்பை நினைத்துச் செய்யவில்லை. குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் அட்டையில் வட்டமாக, பிசிறில்லாமல் ஓட்டை விழவேண்டும். மதிப்பெண் போடும்போது சண்டை வரக்கூடாது. அதற்காகப் பிறந்தது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் உலகம் முழுவதும் பெரும்பாலோர் சுடுவது இதே 32 லாங் வாட்கட்டரைத்தான். ஜஸ்பால் ராணா 1994இல் ஹிரோஷிமாவிலும் 2006இல் தோஹாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது இந்தப் போட்டியில். அமெரிக்காவில் இந்த அளவு அழியாமல் இருப்பதற்கு இந்தப் போட்டிக்காரர்களும் ஒரு காரணம். இத்தாலியின் ஃபியோக்கி, பின்லாந்தின் லாபுவா, பிரேசிலின் மேக்டெக் எல்லாம் இந்த அளவில் தோட்டா செய்கின்றன. தாத்தாவின் ரிவால்வருக்குத் ‘தற்காப்பு’ என்று எழுதிய மினுமினுப்பான பெட்டியைவிட, ‘போட்டிக்கு’ என்று எழுதிய பெட்டி ஏற்றது என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். அழுத்தமும் அதில் மிதம். பழைய எஃகுக்கும் நல்லது.

வாட்கட்டரிலும் ஒரு தொந்தரவு உண்டு. முனை கூராக இல்லாததால் சிலிண்டர் ஓட்டைக்குள் அவசரத்தில் நுழையாது. விளிம்பில் இடித்து நிற்கும். அதனால் சிலர் சிலிண்டரில் வாட்கட்டரும், கூடுதலாகக் கையில் வைத்திருப்பதில் பாதித்தட்டை முனையும் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே எடையில் இருப்பது முக்கியம். ஏன் என்றால், பழைய ரிவால்வரின் குறிக்காம்பு குழலோடு நிலைத்தது, திருகித் திருத்த முடியாதது. அந்தக் காலத்து 98 கிரெய்ன் குண்டுக்கு வைத்துத் தேய்த்திருப்பார்கள். குண்டு குழலுக்குள் ஓடும்போதே துப்பாக்கி உதைத்து மூக்கைத் தூக்க ஆரம்பித்துவிடும். இலேசான, வேகமான குண்டு, மூக்கு தூக்குவதற்குள் வெளியேறிவிடும்; குறிக்குக் கீழே படும். கனமான, மெதுவான குண்டு உள்ளே அதிக நேரம் இருக்கும்; மேலே படும். அசல் எடைக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

தேர்ந்தெடுத்ததை ஒரு பெட்டியாவது, அதாவது ஐம்பது தோட்டாக்கள், சுட்டுப் பார்க்காமல் நம்பிவிடக்கூடாது. குறியில் படுகிறதா என்பது பாதி. எல்லாம் வெடிக்கிறதா என்பது மறு பாதி. பழைய வில் தளர்ந்திருந்தால், கேப் கெட்டியான ரகத் தோட்டாவில் குதிரை தட்டினாலும் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். அதே துப்பாக்கியில் வேறு கம்பெனித் தோட்டா ஆறும் வெடிக்கும். இதை எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்லாது, சுட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். சுட்டபின் சாப்பாட்டுக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும், ஈயம்.

32இன் பெரிய அனுகூலம் இந்தச் சோதனையில்தான் தெரியும். உதை மிகக் குறைவு. வயதானவரும், மணிக்கட்டில் வலி உள்ளவரும் சிரமமில்லாமல் ஆறையும் ஒரே இடத்தில் போடலாம். மேலே இரண்டு வேண்டும் என்றோமே, அதில் முதலாவது இது: சரியான இடத்தில் படுவது. கையை உலுக்கும் பெரிய துப்பாக்கியில் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவருக்கு 500 ஜூல் இருந்தும் என்ன?

ஆறு என்றேன், பல பழைய ரிவால்வர்களில் ஐந்துதான் போடவேண்டும். கீழே விழுந்தாலோ குதிரையின் மேல் அடி பட்டாலோ கேப்பைத் தட்டிவிடாமல் தடுக்கும் தடுப்பு இன்றைய ரிவால்வர்களில் இருக்கிறது. அன்றையவற்றில் எல்லாவற்றிலும் இல்லை. நம்முடையதில் இருக்கிறதா என்று பழுதுபார்ப்பவரிடமே கேட்டுக்கொள்வது உசிதம். இல்லையென்றால் குதிரைக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டுவிடுவது பழைய வழக்கம். சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் குழிமுனைத் தோட்டாவை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. தட்டைமுனைக்காரருக்கு அந்தக் கவலையும் இல்லை.

ரிவால்வரோடு சில சமயம் பழைய தோட்டாப் பெட்டி ஒன்றும் வந்துசேரும். பச்சை பூத்த பித்தளை, மங்கிய அச்சு. ஈரமும் சூடும் பட்டு இத்தனை வருஷம் கிடந்ததில் கேப் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்று வெடிக்கும், ஒன்று வெடிக்காது. வெடித்தாலும் அந்தக் காலத்துக் கேப்புகள் பலவற்றில் இருந்த உப்பு குழலுக்குள் தங்கி, அன்றே கழுவாவிட்டால் துரு பிடிக்க வைக்கும். அதைச் சுடவேண்டாம், தூக்கியும் போடவேண்டாம். பழைய தோட்டாப் பெட்டிகளுக்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். மூடி கிழியாமல், லேபிள் முழுசாக இருந்தால், அதை விற்ற காசில் புது வாட்கட்டர் பெட்டி வாங்கிவிட முடியலாம்.